செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த அனுபவம்

கட்டணத் தொலைக்காட்சி இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்ற பேச்சு, சந்தா உயரும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் எழும். இரண்டு நாள் நடக்கும். பிறகு தானாக அடங்கிவிடும். ஒருமுறை அது அடங்காமல் போனதற்குக் காரணம் ஒரு தாள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு தாளையும் பேனாவையும் வைத்து, யார் எந்த அலைவரிசையைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்தாலும் அதன் பெயருக்கு நேராக ஒரு கோடு போட வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து எண்ணியபோது, தொகுப்பில் இருந்த 300க்கும் மேற்பட்ட அலைவரிசைகளில் 11க்குத்தான் கோடு விழுந்திருந்தது. அவற்றிலும் ஐந்து கோடுகளைத் தாண்டியவை நான்கு மட்டுமே: மூன்று அம்மா பார்ப்பவை, ஒன்று விளையாட்டு நேரலை. விடக் கூடாத நான்கு எவை என்று தெரிந்த பிறகே கருவி வாங்கும் பேச்சை எடுத்தோம். அந்தத் தாள் இல்லாமல் இறங்கியிருந்தால், எனக்குப் பிடித்த படங்கள் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அம்மாவின் மாலை நேரத்தைக் காலி செய்திருப்பேன்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் முதல் ஏமாற்றம் அங்கேயே வந்தது. எங்கள் வீட்டில் இணையமும் தொலைக்காட்சியும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பாக இருந்தன. தொலைக்காட்சியை நீக்கினால், தொகுப்புக்கென்று கொடுத்த தள்ளுபடியும் போய், இணையத்துக்கு மட்டும் கட்டும் தொகை ஏறும் என்பது விலைப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் மிச்சம் என்று மனத்தில் வைத்திருந்த தொகை அப்படியே பாதியாகிவிட்டது. இப்படிப்பட்ட தொகுப்பில் இருப்பவர்கள், தொலைக்காட்சிக் கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதை விட, இணையத்தை மட்டும் தனியாக வாங்கினால் எவ்வளவு என்று எழுத்துமூலமாகக் கேட்டுப் பெறுவது நல்லது. பாதி மிச்சமும் மிச்சம்தான் என்று முடிவு செய்து, பழைய இணைப்பை இன்னும் ஒரு மாதம் விட்டுவைத்து, இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்க்கத் தொடங்கினோம். அந்த ஒரு மாதச் சந்தா வீண் என்று அப்போது தோன்றியது. பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, இந்த முயற்சியில் நான் செய்த புத்திசாலித்தனமான செலவு அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் தொலைக்காட்சியே ஸ்மார்ட் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் அதிலிருந்த செயலிகளில் சில திறக்கவே மறுத்தன. சில, இந்த மாதிரிக்கு இனிப் புதுப்பிப்பு வராது என்று அறிவித்துவிட்டு நின்றன. திரை பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் இருக்கும் சில்லும் மென்பொருளும் அவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே திரை நன்றாக இருக்கும்போது புதுத் தொலைக்காட்சி வாங்க வேண்டியதில்லை, தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் (படமும் ஒலியும் ஒரே கம்பியில் வரும் இணைப்பு) செருகி, இணையச் செயலிகளை ஓட்டும் ஒரு ஸ்டிக்கோ சிறிய பெட்டியோ போதும். இந்த அளவுக்குச் சரியாக யோசித்த நான், அடுத்த அடியைத் தவறாக வைத்தேன். பெயர் தெரிந்த கருவிகளின் விலையில் பாதிக்கும் குறைவாக, பெட்டியின் மேல் பெரிய எண்களை அச்சிட்டு விற்ற ஓர் ஆண்ட்ராய்டு பெட்டியை வாங்கினேன்.

முதல் நாள் மாலை, பணம் கட்டிப் பார்க்கும் ஒரு சேவையில் படத்தைப் போட்டால், முகங்கள் எல்லாம் ஈரத் துணியால் துடைத்தது போல மங்கலாகத் தெரிந்தன. இணைய வேகத்தைச் சோதித்தேன், குறைவில்லை. கேபிளை மாற்றினேன், மாற்றம் இல்லை. அதே பெட்டியில் யூடியூப் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக ஓடியதுதான் என்னை இரண்டு நாள் குழப்பியது. காரணம், கட்டணக் காட்சிகளை யாரும் நகலெடுக்காதபடி பூட்டி அனுப்பும் வைட்வைன் என்ற உரிமைப் பாதுகாப்பு ஏற்பாடு. கூகுளுக்குச் சொந்தமான இது ஆண்ட்ராய்டு கருவிகளில் பல நிலைகளில் வருகிறது. எல்1 என்ற நிலையில், பூட்டப்பட்ட காட்சி கருவியின் பாதுகாப்பான வன்பொருள் பகுதிக்குள்ளேயே திறக்கப்படுகிறது. எல்3 நிலையில் அந்த வேலை முழுவதும் மென்பொருளிலேயே நடக்கிறது. எல்3 கருவியைக் கண்டால், கட்டணச் சேவைகள் பெரும்பாலும் சாதாரணத் தரத்துக்கு மேல் காட்சியை அனுப்புவதில்லை. என் பெட்டியில் இருந்தது எல்3. பெட்டியின் மேல் 4கே, அதாவது முழு எச்.டி.யையும் விட உயர்ந்த காட்சித் தரம், என்று அச்சிட்டிருந்தது பொய்யில்லை. அந்தத் திறனை என் சந்தாக்கள் எதிலும் பயன்படுத்த முடியாது என்பதை மட்டும் யாரும் அச்சிடவில்லை.

மங்கல் படத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தகைய மலிவுப் பெட்டிகளில் வேறு ஆபத்தும் உண்டு. 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெயரில் விற்ற ஒரு பெட்டி, கடையிலிருந்து வரும்போதே தீநிரலோடு (மால்வேர்) வருவது வெளிச்சத்துக்கு வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., இவ்வகைக் கருவிகள் வீட்டு இணைய இணைப்பையே குற்றவாளிகளின் வழிப்பாதையாக மாற்றக்கூடும் என்று பொது எச்சரிக்கை விடுத்தது. கட்டண அலைவரிசைகள் எல்லாம் இலவசமாகத் திறந்திருக்கும் என்று சொல்லி விற்கும் பெட்டியை வீட்டு வைஃபையில் சேர்ப்பது, வாசற்கதவின் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். என் பெட்டியில் அப்படி ஏதும் இருந்ததா என்று சோதித்துப் பார்க்கும் திறமை எனக்கு இல்லை. அதனால் அதை ரூட்டரிலிருந்து நீக்கிவிட்டு, மின்கழிவோடு போட்டுவிட்டேன். பிறகு பெயர் தெரிந்த ஒரு ஸ்டிக்கை வாங்கினோம்.

அந்த ஸ்டிக்கும் உடனே சொன்னபடி கேட்கவில்லை. தினமும் மாலை, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, நிறுவனத்தின் சின்னம் தோன்றி, கருவி மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுந்துவரும். கருவி பழுது என்று திருப்பியனுப்பத் தயாரான வேளையில், என் மகன்தான் தொலைக்காட்சிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இத ஏன்பா டிவியிலேயே சொருகியிருக்க?" என்று கேட்டான். கம்பி குறையட்டும் என்று, ஸ்டிக்குக்கான மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்திருந்தேன். யு.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டிய அளவு 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட். ஸ்டிக்கோடு வந்த அடாப்டரில் அச்சிட்டிருந்தது 1 ஆம்பியர், அதாவது 5 வாட். முகப்புத் திரையில் சும்மா இருக்கும்போது பாதி மின்சாரம் போதும். உயர்தரக் காட்சியை விரித்துக்கொண்டே வைஃபையிலும் பேசும்போது போதாது. சுவரில் செருகிய நாளிலிருந்து அந்தத் தொல்லை ஒருமுறை கூட வரவில்லை. இணையத்தில் மணிக்கணக்காகத் தேடியும் எனக்குக் கிடைக்காத விடை, கருவியோடு வந்த அட்டைப்பெட்டியின் உள்ளேயே அடாப்டராக உட்கார்ந்திருந்தது.

அடுத்தது வைஃபை. நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி, முழு எச்.டி. காட்சிக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும் 4கே காட்சிக்கு 15 மெகாபிட்டும் நிலையாக வர வேண்டும். எங்கள் இணைப்பின் வேகம் இதைப் போலப் பல மடங்கு. ஆயினும் இரவு உணவு நேரத்தில் மட்டும் வட்டம் சுற்றும். ரூட்டரைச் சந்தேகித்தேன், நிறுவனத்தைச் சந்தேகித்தேன். கடைசியில் குற்றவாளி சமையலறையில் இருந்தது. ஸ்டிக் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இணைந்திருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு கசியவிடும் அலையும் அதே பகுதிதான். புளூடூத் ரிமோட்டும் அங்கேதான் பேசுகிறது. பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் பெரும்பாலும் அங்கேதான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைக் கடக்கும் வலிமையும் குறைவு. ஸ்டிக் தொலைக்காட்சியின் உலோக முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்த அலை அதற்குச் சரியாக எட்டவில்லை. கருவியோடு வந்திருந்த, நான் தேவையில்லை என்று ஒதுக்கிய, ஒரு சாண் நீள எச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கம்பியை இடையில் போட்டு ஸ்டிக்கைத் திரையின் ஓரத்துக்கு இழுத்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் நிலையாகப் பிடித்தது. ரூட்டர் அருகிலேயே இருப்பவர்கள் இந்தக் கூத்தெல்லாம் இல்லாமல், ஈதர்நெட் துளை உள்ள கருவியையோ அடாப்டரையோ வாங்கிக் கம்பியிலேயே இணைத்துவிடலாம். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கருவிக்குக் கம்பியை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

இணையத் திட்டத்தில் மாத அளவு வரம்பு இருந்தால் இன்னொரு கணக்கும் வேண்டும். நொடிக்கு 15 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிகாபைட். நாளுக்கு நான்கு மணி நேரம், 30 நாள் ஓடினால் 810 ஜிகாபைட். பழைய செட்டாப் பாக்ஸ் இரவு முழுவதும் ஓடினாலும் யாருக்கும் செலவில்லை, இது அப்படியில்லை. அம்மா தூங்கிப்போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி வரம்பைத் தின்றுவிடும். எனவே செயலிகளில் தரத்தை முழு எச்.டி.யோடு நிறுத்தினோம். நாங்கள் உட்காரும் தூரத்தில் எங்கள் திரையில் வித்தியாசம் கண்டுபிடித்துச் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை.

இனி அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உண்மையில் இந்த மாற்றம் வென்றதும் தோற்கப் பார்த்ததும் அவரிடம்தான். அம்மாவுக்கு அலைவரிசைகளின் எண்கள் மனப்பாடம். கண்ணாடி போடாமல், ரிமோட்டைப் பார்க்காமல், கட்டைவிரலால் மூன்று எண்களை அழுத்துவார். அவர் கேட்ட முகம் திரையில் வந்துவிடும். புதிய ரிமோட்டில் எண்களே இல்லை. வட்டமாக ஒரு பொத்தான், நான்கு திசைகள், வீடு போல ஒரு படம், வளைந்த அம்பு ஒன்று. "இதுல நான் எங்க அழுத்துறதுப்பா?" என்று அவர் கேட்டபோது, முகப்புக்குப் போய், வலப்பக்கம் நகர்ந்து, செயலியைத் திறந்து, உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து என்று நான் தொடங்கிய விளக்கம் எனக்கே கூச்சமாக இருந்தது. முதல் வாரம் அவர் பழைய ரிமோட்டைத்தான் எடுத்தார். அதில் தவறுதலாக உள்ளீட்டை மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டு, சமிக்ஞை இல்லை என்ற நீலத் திரைக்கு முன்னால், யாராவது வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். கூப்பிடக் கூடச் செய்யமாட்டார். தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்.

இதைச் சரிசெய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. முதலில் இரண்டு ரிமோட்டை ஒன்றாக்கினேன். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவே கருவிகள் ஒன்றையொன்று எழுப்பவும் அணைக்கவும் வழிசெய்யும் சி.இ.சி. என்ற வசதி ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளிலும் உண்டு. அமைப்புகளில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது என்பதுதான் சிக்கல்: சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை இயக்கியதும், ஸ்டிக்கின் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையும் எழுந்து, சரியான உள்ளீட்டுக்கும் தானே மாறியது. பழைய ரிமோட்டை மின்கலங்களைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பிறகு முகப்புத் திரையில் அம்மாவுக்கு வேண்டிய மூன்று செயலிகளை இடமிருந்து வலமாக முதலில் அடுக்கினேன். யார் பார்க்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் சேவையில், அவருக்கென்று தனிக் கணக்கை வாங்காமல், அந்தக் கேள்வி கேட்காதபடி மாற்ற முடிந்த இடத்தில் மாற்றினேன். நகரும்போதெல்லாம் தானாகச் சத்தத்தோடு ஓடத் தொடங்கும் முன்னோட்டங்களை நிறுத்தினேன். அவரைப் பதற வைத்ததில் பாதி அந்தச் சத்தம்தான். கடைசியாகக் குரல் தேடலைக் கற்றுக்கொடுத்தேன். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து, வீட்டில் ஒருவரிடம் கேட்பது போல, "அந்த ராத்திரி எட்டு மணித் தொடரக் கொஞ்சம் போடுப்பா" என்றார். கருவி ஒன்றும் புரியாமல் விழித்தது. தொடரின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றதற்கு, "மரியாதையில்லாம இருக்காதா?" என்றார். இப்போது பெயரை மட்டும்தான் சொல்கிறார். படம் வந்ததும் ஒரு நன்றியும் சொல்கிறார்.

அப்படியும் ஒரு குறை எஞ்சியிருந்தது; அது கருவியின் குறை இல்லை. பழைய முறையில் தொலைக்காட்சியைப் போட்டால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அம்மா காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். புதிய முறையில் எதையும் நாமே தேர்ந்தெடுத்தால்தான் ஓடும், முடிந்தால் நின்றுவிடும். "எதாவது ஓடட்டும்" என்ற அவருடைய தேவைக்குத் திரைப்பட அட்டவணை எதுவும் விடையில்லை. இதற்கு இரண்டு வழிகள் உதவின. ஒன்று, விளம்பரத்தோடு வரும் இலவச நேரலை அலைவரிசைகளை வரிசையாக அடுக்கித் தரும் செயலிகள். அவற்றைத் திறந்தால் பழையபடி ஏதோ ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். மற்றொன்று, தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு கிடைக்கும் இடமாக இருந்தால், ஒரு சாதாரண ஆண்டெனா. ஒருமுறை வாங்கினால் மாதச் சந்தா இல்லை, இணையம் போனாலும் செய்தி வரும். இணைப்பைத் துண்டிக்கும் பேச்சில் எல்லோரும் ஸ்டிக்கைப் பற்றியே பேசுவதால் ஆண்டெனா என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

விளையாட்டு நேரலையில் நான் எதிர்பாராதது தாமதம். எங்கள் திரையில் பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே, மேல்மாடியிலிருந்து ஆரவாரம் வந்துவிடும். அவர்கள் வீட்டில் இன்னும் பழைய இணைப்பு. 2009இல் ஆப்பிள் வெளியிட்ட எச்.எல்.எஸ். போன்ற முறைகளில், நேரலை சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டப்பட்டு ஒவ்வொன்றாக வருகிறது. ஒரு துண்டு 6 நொடி என்றால், தடங்கலின்றி ஓட மூன்று துண்டுகளைக் கையிருப்பாக வைத்தாலே 18 நொடி பின்தங்கிவிடுவோம். சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரம் அதன் மேல். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய மருந்து எதுவும் இல்லை. பந்தயத்தின்போது கைப்பேசியின் அறிவிப்புகளை அணைத்து வைக்கிறேன்; மேல்மாடிக்காரர்களை அணைக்க வழி தெரியவில்லை.

பணக் கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆறாவது மாத முடிவில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, இந்தத் தொடருக்கு ஒன்று, அந்தப் பந்தயத்துக்கு ஒன்று, இலவசச் சோதனைக் காலம் முடிந்ததை மறந்து ஓடிக்கொண்டிருந்தது ஒன்று என்று ஐந்து சந்தாக்கள் சேர்ந்திருந்தன. கூட்டிப் பார்த்தால் பழைய கட்டணத்துக்கு மிக அருகில் வந்திருந்தோம். அன்றிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு கட்டணச் சேவைகள்தான் என்று வைத்திருக்கிறோம். மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்றை விட வேண்டும். மாதச் சந்தா எடுக்கும் அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை ரத்து செய்துவிடுகிறேன். பெரும்பாலான சேவைகளில் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கத் தடையில்லை. மாதம் முடிந்ததும் சேவை தானே நின்றுவிடும். உண்மையிலேயே வேண்டுமென்றால் வீட்டில் யாராவது கேட்பார்கள். இரண்டு முறை யாருமே கேட்கவில்லை.

பராமரிப்பும் இப்போது என் தலையில். பழைய பெட்டி கெட்டால் தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டு உட்காரலாம். 2025 மார்ச்சில், கூகுள் 2015இல் வெளியிட்ட, ஸ்டிக்கைப் போலவே தொலைக்காட்சியில் செருகும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் வேலை செய்யாமல் நின்றன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். சில நாட்களில் புதுப்பிப்பு வந்து சரியானது. ஆனால் பொறுமையிழந்து கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டவர்களுக்குத்தான் கூடுதல் தொல்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, திடீரென்று ஏதாவது நின்றால் முதலில் ஒருமுறை அணைத்துப் போடுவது, பிறகு அது எனக்கு மட்டுமா எல்லோருக்குமா என்று பார்ப்பது, அதன் பிறகே அமைப்புகளில் கைவைப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். இணையமே போகும் நாளுக்கென்று குடும்பக் காணொளிகளும் சில படங்களும் கொண்ட ஒரு வன்தட்டைப் பழைய கணினியில் இணைத்து, ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் வழியாகத் தொலைக்காட்சியில் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். வெளி இணைப்பு அறுந்தாலும் ரூட்டர் இயங்கும்வரை வீட்டுக்குள் அது ஓடும்.

ஒத்திகை மாதம் முடிந்ததும் பழைய இணைப்பை ரத்து செய்து, செட்டாப் பாக்ஸ், அதன் அடாப்டர், ரிமோட் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் கொடுத்தேன். அலமாரியின் மேல்தட்டில் இருந்தது தொலைக்காட்சியின் ரிமோட். செட்டாப் பாக்ஸுடையதை அம்மா தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு முன் பெட்டியின் அடியிலிருந்த வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை ரசீதிலும் எழுதித் தரும்படி கேட்டேன். முகப்பில் இருந்தவர் அதெல்லாம் கணினியில் ஏறிவிடும், தேவையில்லை என்றார். பரவாயில்லை, எழுதிக் கொடுங்கள் என்று நின்று வாங்கினேன். ஐந்தாவது வாரம், பெட்டி திரும்பி வரவில்லை, அதற்கான தொகையைக் கட்டவும் என்று கடிதம் வந்தது. ரசீதின் படத்தை அனுப்பினேன். மறுநாள் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்த ரசீதை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.